பெரிய கண்மாய் வைத்த கறிவிருந்து

ஆடி மாத வெயிலில் என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்து வந்தது ஒரே ஒரு வரி.

"தாங்கள் செய்யும் தொகையைப் புது நடையுடன் திருப்பிச் செய்வோம் என்று உறுதி கூறுகிறோம்."

நான் இருப்பது மலேசியாவில், தைப்பிங் நகரில். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கால் சம்பளத்தில் முழு வேலை பார்க்கிறேன். குளம் தூர்வார, மரம் காக்க, கடற்கரையைச் சுத்தம் செய்ய என்று சின்னச் சின்னக் குழுக்களுக்கு மானியம் கொடுக்கிற அறக்கட்டளை அது. தமிழ்நாட்டு வேலைக்கான பணம் சென்னையில் உள்ள எங்கள் கிளை வழியாக முறைப்படி போகும். தமிழில் வருகிற விண்ணப்பங்களைப் படிப்பதும், நேரில் பார்த்துவிட்டு 'கொடுக்கலாம்', 'வேண்டாம்' என்று எழுதுவதும் என் பாடு.

ஒரு மாவட்டத்துக்கு வருடத்தில் ஒரு மானியம்தான். புதுக்கோட்டையிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஒன்று மீமிசல் கடற்கரையிலிருந்து. கடலடியில் கிடக்கும் அறுந்த வலைகளை வெளியே எடுக்கப் படகுக்கும் ஆளுக்கும் பணம் கேட்டிருந்தார்கள். இன்னொன்று ஆலங்குடிக்கு உள்ளே கீழக்காடு என்ற ஊரிலிருந்து. அங்குள்ள பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் முள்மரம் அடைத்துக் கிடக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வெட்டிவிட வேண்டும் என்றார்கள். மழை நமக்காகக் காத்திருக்காது, அதனால் கண்மாய்க்கே கொடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம், அந்த ஒரு வரியைப் படிக்கும் வரை.

"திருப்பித் தருவார்களா? அப்படியானால் இது கடன்," என்றார் எங்கள் மேலாளர் லிம். மனிதர் தங்கம், ஆனால் விதி என்று வந்துவிட்டால் இரும்பு. "நாம் கடன் கொடுக்கக் கூடாது. போய்க் கேளுங்கள். அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் மீமிசல்."

அடிப்பதற்கு ஒரு வரி, அதற்கு ஒரு விமானப் பயணம். என் வாழ்க்கையில் இவ்வளவு சொகுசான எழுத்துப்பிழைத் திருத்தம் நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது பிழையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புதுக்கோட்டையில் விடுதி. இறங்கிய அன்று காலையிலேயே, "முட்டை மாஸ் சாப்பிடாமப் போயிறாதீங்க," என்று விடுதி வாசலில் பூ விற்ற பெண் சொல்லிவிட்டார். அவித்த முட்டையைத் துண்டு போட்டு, வெங்காயமும் மசாலாவும் சேர்த்துக் கல்லில் புரட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். எங்கள் ஊரில் காலைப் பசிக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் பாதி முட்டை வைப்பார்கள், அதையும் கணக்குப் பார்த்து வைப்பார்கள். இங்கே முட்டைக்கு இருந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு இந்த மாவட்டத்தைப் பிடித்துவிட்டது.

முதல் நாள் மீமிசல். வாடகைக் காரின் ஓட்டுநர், கடலோரத்தை நெருங்கும்போது கண்ணாடியை இறக்கி, "கருவாட்டு வாசன வந்துருச்சுன்னா மீமிசல் வந்துருச்சுன்னு அர்த்தம்," என்றார். சரியாகத்தான் சொன்னார்.

வலை எடுக்கும் குழுவின் செயலாளர் ஜபருல்லா. என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும். கையைப் பிடித்து நாட்டுப் படகில் ஏற்றினார். அலையே இல்லாத கடல். வெகுதூரம் போன பிறகு அவர் படகிலிருந்து இறங்கி நின்றார். தண்ணீர் அவர் இடுப்பு வரைதான் இருந்தது. நான் வாயைப் பிளந்ததில் அவருக்குப் பரம சந்தோஷம்.

"கீழ பாருங்கக்கா. பச்சையா தெரியுதுல்ல? அதான் கடல்புல்லு. கடல்பசு மேயிற எடம். அறுந்த வலை அதுமேல விழுந்து கெடந்தா புல்லும் போச்சு, மாட்டுற மீனும் போச்சு."

குனிந்து ஒரு வலைத் துண்டைப் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. நானும் சேர்ந்து இழுத்தேன். கடைசியில் வலை வரவில்லை, நான் போனேன். தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தபோது ஜபருல்லா பதறிப்போய் நின்றார். நான் சிரித்துவிட்டதால் அவரும் சிரித்தார். ஈரச் சேலையுடன் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் உடையை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டேன். எங்கள் பக்கம் நண்டை உடைக்கச் சுத்தியல் கொடுப்பார்கள். இங்கே பல்தான் சுத்தியல். என் பல்லில் பாதி மருத்துவர் கட்டியது என்பதால் ஜபருல்லாவின் மனைவி உடைத்து உடைத்து என் தட்டில் வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் உண்மையைச் சொன்னேன். மாவட்டத்துக்கு ஒன்றுதான், கண்மாய்க்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், மழைக்கு முன் அவர்கள் வேலை முடிய வேண்டும்.

"நியாயம்தானக்கா. மழை பொல்லாது," என்றார் அவர். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அடுத்த வருசம் பாத்துக்கலாம். எல்லாரும் எங்கள அடுத்த வருசம்னுதான் சொல்றாங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நண்டு கொடுத்த கைக்கு நான் வெறும் 'அடுத்த வருடம்' கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆலங்குடிக்கு நகரப் பேருந்து. ஏறியதும் பணத்தை நீட்டினேன். நடத்துநர் வாங்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

"காசு?"

"லேடீஸுக்கு ஃப்ரீ."

"நான் இந்த ஊர் இல்லை. மலேசியா."

"இருக்கட்டும். பொம்பளயாத்தான இருக்கீங்க?"

பேருந்து முழுதும் சிரித்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஓசியில் போகிறோமே என்று மறுபடியும் பணத்தை நீட்டினேன். பின்னால் காய்கறி மூட்டையோடு இருந்த ஒரு பெண் என் கையை அழுத்திப் பிடித்து, "வாங்கிக்கன்னா வாங்கிக்கங்க, குடுன்னா குடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு மனுசர இம்ச பண்ணாதீங்க," என்றார். அவர் சொன்னது எனக்கு அன்று உறைக்கவில்லை.

ஆலங்குடியில் என்னை அழைத்துப் போக வந்தவர் தங்கராசு. குவைத்தில் நெடுங்காலம் லாரி ஓட்டிவிட்டு வந்து, ஊரில் ஒரு குட்டி யானை வைத்திருக்கிறார். சின்ன சரக்கு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கண்மாய்க் குழுவின் தலைவர் அவர். மீசை அவருக்கு முன்னால் வந்து வணக்கம் சொல்லும்.

"வாங்கக்கா, வாங்க. முன்னாடி ஏறிக்கங்க. நாளைக்கு விருந்து, அதான் பின்னாடி அண்டா."

பின்னால் ஓர் ஆளே உள்ளே படுக்கலாம் போல இரண்டு அண்டாக்கள் நின்றன. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டி பறந்தது. ஒரு வேகத்தடையில் குதித்தபோது பின்னால் 'டங்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், ஓர் அண்டா சாலையில் உருண்டு எங்களுக்கு எதிர்த்திசையில் ஆலங்குடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தங்கராசு இறங்கி ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன். முந்திரித் தோப்பிலிருந்து யாரோ, "விருந்து இங்கிட்டு, அண்டா எங்கிட்டுப் போகுது?" என்று கத்தினார்கள். பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் காலை நீட்டி அதை நிறுத்தினார். உதவிக்கு நன்றியாக அவரிடமே ஒரு பழம் வாங்கினோம், அவர் விலையில் ஒரு காசு குறைக்கவில்லை.

ஊர் எல்லையில் வண்டி நின்றது. அங்கே பெரிய பிளெக்ஸ் பலகை. 'மொய் விருந்து' என்று எழுதி, விருந்தழைப்போர் என்று வரிசையாகப் படங்கள் போட்டிருந்தார்கள். தங்கராசு மீசையோடு இருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் வெள்ளைச் சட்டையில். கடைசிப் படத்தில் ஆள் இல்லை. வெடித்துக் கிடக்கும் ஒரு மண் தரை. அடியில் பெயர்: பெரிய கண்மாய்.

"இது என்ன?"

"எங்க கண்மாயும் இந்த வருசம் விருந்து வைக்குதுக்கா," என்றார் தங்கராசு, அத்தை மகனை அறிமுகம் செய்கிற தோரணையில்.

பிறகு சொன்னார். இந்தப் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. பணம் தேவைப்படுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட வருகிறவர்கள் அவரவருக்கு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள், கடை போடுவார்கள். பிறகு எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்துவிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தும் வைக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் புது நடை; முதல் தடவையாக எழுதுகிற மொய்க்கும் அதே பெயர்தான். அது அடுத்த சுற்றுக்கு உறவை உயிரோடு வைத்திருக்கும்.

நான் நடுச்சாலையில் நின்று சிரித்தேன். விருந்தழைப்போர் பட்டியலில் ஒரு கண்மாய்! லிம்முக்கு இதை எந்த மொழியில் சொல்வது?

கண்மாயைக் காட்டியவர் சித்ரா. குழுவின் பொருளாளர், ஊரில் தையல்கடை வைத்திருப்பவர். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமே இல்லை. இன்று எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயம் கட்டுகிற ஊர் அது. அங்கிருந்து வந்தவளுக்கு, அவ்வளவு பெரிய நீர்நிலையில் ஆடுகள் நடுவே போய் மேய்ந்துகொண்டிருந்தது பொறுக்கவில்லை. வாய்க்கால் எங்கே என்று கேட்டேன். சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு வரிசையைக் காட்டினார்.

"அதாங்கக்கா வாய்க்கா. போன வருசம் நல்ல மழ. தண்ணி பூரா அங்கிட்டுத் திரும்பி ரோட்டு மேல ஓடுச்சு. கண்மாய்க்கு ஒரு சொட்டு வரல. நாங்க கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். அன்னைக்கு ஊர்ல யாரும் சோறு ஆக்கல."

விருந்தில் வருகிற மொய் முள்மரத்தை வேரோடு எடுக்கப் போதும், வாய்க்கால் ரோட்டைக் கடக்கும் பாலத்துக்கு அடியில் மண்மூடிய குழாய்களை மாற்றி ஆழமாக வெட்டத்தான் எங்கள் மானியம் வேண்டும் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. நான் பைக்குள்ளிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன்.

"இந்த ஒரு வரியை மட்டும் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எங்களுக்கு எதுவும் திருப்பித் தர வேண்டாம். இது மானியம்."

கூட வந்திருந்த தங்கராசுவின் முகம் சுருங்கியது. "வாங்கிட்டுச் செய்யாமப் போனான்னு பேரு வாங்கச் சொல்றீங்களா?"

"அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்."

"மலேசியால சொல்ல மாட்டாங்க. கீழக்காட்டுல சொல்லுவாங்க. அடுத்த ஆடிக்கு எவன் எங்க பந்தியில ஒக்காருவான்?"

சித்ரா மெதுவாகத்தான் பேசினார். "திருப்பிச் செய்ய வேணாம்னு சொன்னா அது பிச்சைங்கக்கா. கண்மாய்க்காக எது வேணாலும் செய்வோம். ஆனா கண்மாய் பிச்ச எடுத்துச்சுன்னு இருக்கக் கூடாது."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எத்தனை ஊர், எத்தனை மானியம்! யாரும் அதைப் பிச்சை என்று சொன்னதில்லை. மாலையில் விடுதிக்குத் திரும்பியும் ஆறவில்லை. லிம்மை அழைத்தேன். "அடிக்கவில்லை என்றால் மீமிசல்," என்றார் அவர், வழக்கமான பொறுமையோடு. மீமிசலுக்குக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஐப்பசியில் மறுபடியும் கரையில் நின்று, ரோட்டில் ஓடும் தண்ணீரைப் பார்க்கப் போகிற முகங்கள் கண்ணில் நின்றன. அதோடு இன்னொன்றும் உறுத்தியது. இத்தனை வருடத்தில் மானியம் வாங்கிய ஒருவர்கூடக் கடைசி அறிக்கை அனுப்பிய பிறகு என்னோடு பேசியதில்லை. பணம் தீர்ந்ததும் உறவும் தீரும். அதை நான் நிர்வாகம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் விருந்து. கோபத்தோடு போனவளைக் கறிக்குழம்பின் வாசனை பந்தலுக்கு வெளியிலேயே சமாதானப்படுத்திவிட்டது. உருண்டு தப்பிக்கப் பார்த்த அண்டா இப்போது அடுப்பில் அடக்கமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பந்தி பந்தியாக ஆட்கள். ஒலிபெருக்கியில் ஒருவர், "சாப்ட்டவங்க எந்திரிச்சு எடம் விடுங்க, பேச்ச வெளியில வச்சுக்கங்க!" என்று அதட்டிக்கொண்டே இருந்தார்.

என்னை இழுத்து உட்கார வைத்தார்கள். இலை போட்டு, சோறு கொட்டி, அதன் மேல் கறியோடு குழம்பு. "போதும்" என்ற சொல் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து இலைக்காரர் எலும்பை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டு எனக்கும் துணிச்சல் வந்து, நானும் உறிஞ்சினேன். அப்போது பார்த்துத் தங்கராசு கைபேசியில் என்னைப் படம் எடுத்தார். மூக்கு நுனியில்கூடக் குழம்பு.

சாப்பிட்டு எழுந்தால் கால் தானாகவே மொய் எழுதும் இடத்துக்குப் போகிறது. எல்லோரும் போகும்போது நான் மட்டும் எப்படிக் கை துடைத்துக்கொண்டு வெளியேறுவது? ஒவ்வொரு விருந்தழைப்போருக்கும் ஒரு மேசை. கண்மாயின் மேசையில் ஒரு சில்வர் குடத்தோடு சித்ரா உட்கார்ந்திருந்தார். அறக்கட்டளைப் பணம் அல்ல, என் சொந்தப் பணத்தை நீட்டினேன். சித்ரா அதை இரண்டு கையால் வாங்கினார். ஒலிபெருக்கிக்காரருக்கு யார் சொன்னார்களோ, "மலேசியா தைப்பிங் கலைச்செல்வி அக்கா, பெரிய கண்மாய்க்குப் புது நடை!" என்று முழங்கினார். பந்தல் கை தட்டியது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. ஆனந்தம்தான் அதிகம்.

"ஒங்க வீட்ல அடுத்து என்னக்கா விசேஷம்?" என்றார் சித்ரா.

"எனக்கா? ஒன்றுமில்லை. தனி ஆள். ஒரு பூனை இருக்கிறது."

"அப்ப இத நாங்க எங்க வந்து செய்யிறது?" அவர் முகத்தில் உண்மையான கவலை. நேற்று அறக்கட்டளைக்காகப் பட்ட அதே கவலை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் பிடிவாதம் பணத்தைப் பற்றியதே அல்ல. கொடுத்தவள் காணாமல் போய்விடக் கூடாது என்பதுதான் இவர்கள் கேட்பது. கொடுக்கிறவள் வாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்றுதான் பேருந்தில் மூட்டைக்காரப் பெண்ணும் சொன்னார்.

"தங்கராசு, விருந்தே வைக்காதவருக்கு மொய் பாக்கி இருந்தால் என்ன செய்வீர்கள்?"

அவர் மீசையைத் தடவினார். "வைக்காம யாரு இருப்பா? நான் குவைத்துல இருந்தப்ப எனக்கு வர வேண்டியது நெறய கெடந்துச்சு. நான் ஊருக்கு வர முடியல. என் தங்கச்சி விருந்து வச்சப்ப, எனக்குச் செய்ய வேண்டியத அதுக்குச் செஞ்சிருங்கன்னு கை காட்டி விட்டேன். எல்லாரும் அங்க கொண்டு போய்ச் செஞ்சாங்க. பாத்தியதக்காரன் கை காட்டுனா செல்லும்."

"யாரை வேண்டுமானாலும் காட்டலாமா?"

"காட்டலாம். காட்டுற ஆளு விருந்து வைக்கணும், அம்புட்டுத்தான்."

நான் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீமிசலுக்குப் போன் போட்டேன். ஜபருல்லாவுக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எங்க பக்கம் மொய் விருந்து வச்சுப் பழக்கமில்லையேக்கா," என்றார். தங்கராசு போனைப் பிடுங்கினார். "பழக்கமெல்லாம் நாங்க சொல்லித் தாரோம் பாய். பந்தல், அண்டா எல்லாம் நம்மகிட்ட இருக்கு. மீன் மட்டும் ஒங்களுது. அடுத்த ஆடிக்கு வைங்க. நாங்க வேன் போட்டு வாரோம், புது நடையோட!" ஜபருல்லா சிரிக்கிற சத்தம் போனுக்கு வெளியே கேட்டது.

அந்த வரி அடிபட்டது. அடித்த கையோடு சித்ராவே புது வரி எழுதினார்: தங்கள் தொகைக்கு ஈடானதையும் அதற்கு மேலும் அடுத்த ஆண்டு மீமிசல் கடல்புல் வேலைக்குச் செய்வோம். தங்கராசு கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால், தேவையே இல்லாமல், பந்தியிலிருந்து எழுந்து வந்த பலரும் குழம்புக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டார்கள்.

லிம்முக்கு விளக்க எனக்கு ஒரு தேநீர் நேரம் பிடித்தது. கேட்டு முடித்துவிட்டு, "நமக்கு எதுவும் திரும்பி வராது?" என்றார்.

"வராது."

"ஒரு மானியத்தில் இரண்டு வேலை?"

"இரண்டோடு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை."

"கலை," என்றார் லிம், மிகவும் தீவிரமான குரலில், "அந்தக் கறிக்குழம்பு எப்படி இருந்தது?" இரும்பு இளகியது என்று எனக்குத் தெரிந்தது.

கிளம்பும் நாளில் சித்ராவும் தங்கராசுவும் ஆலங்குடி பேருந்து நிலையம் வரை வந்தார்கள். ஒரு பை நிறைய வறுத்த கடலை, இன்னொரு பையில் முந்திரி. நான் இலவசச் சீட்டை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். பேருந்து நகரும்போது சித்ரா ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார்.

"அக்கா, அறக்கட்டளைக்குக் கை காட்டிட்டீங்க. ஒங்க சொந்த மொய் பாக்கி அப்புடியே கெடக்கு. அதுக்கு யாரு?"

"அதை விடுங்கள் சித்ரா, அது சும்மா," என்றேன்.

"சும்மாவா!" என்று அவர் அதிர்ந்து நின்றது பின்கண்ணாடியில் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், தைப்பிங்கில் வழக்கம்போலக் கொட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, ஒரே இரைச்சல். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினேன். இரைச்சல் நிற்கவில்லை. அது போனுக்குள்ளிருந்து வந்தது. சித்ரா பாலத்துக் குழாய் வாயில் போனை நீட்டிப் பிடித்திருக்கிறார். "வந்துருச்சுக்கா! கண்மாய்க்குள்ள வருதுக்கா!" என்று அவர் கத்த, பின்னால் ஊரே கத்தியது. பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் அழுதேன். அது இறங்கிப் போக எவ்வளவோ முயன்றது, விடவில்லை.

இந்த ஆனி மாதம் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மீமிசலில் நிற்கிற பிளெக்ஸ் பலகை. மேலே 'மீன் விருந்து, மொய் விருந்து.' கீழே விருந்தழைப்போர். முதலில் பச்சைக் கடலடியின் படம், 'மீமிசல் கடல்புல்' என்ற பெயரோடு. அதற்குப் பக்கத்தில், கையில் எலும்பும் மூக்கு நுனியில் குழம்புமாக ஒரு பெண்மணி. அடியில், 'தைப்பிங் கலைச்செல்வி.'

படத்துக்குப் பின்னாலேயே சித்ராவின் குரல் செய்தி: "விசேஷமே இல்லைன்னீங்கள்ல? நாங்களே வச்சுட்டோம். ஒங்க மொய்ய எங்க வந்து செய்யிறதுன்னு இனிமே கேக்க மாட்டோம்."

லிம் விடுப்புக்கு என்ன காரணம் என்று கேட்டார். என் வீட்டு விசேஷம் என்றேன். நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னார்.

போகாமல் இருக்க முடியுமா? விருந்துக்குக் கூப்பிட்டதே நான்தான்.